அக்கவுண்டன்ட் எடுக்கும்போது என்ன கேட்பது? கல்யாணம் பற்றிக் கேட்கலாமா?

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறது. கொஞ்சம் நீளமானது, அப்படியே வாசித்துவிடுகிறேன். "மேடம், நாங்கள் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். இருபது, இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒரு அக்கவுண்டன்ட் தேவை. இதற்கு முன்னால் எடுத்த இரண்டு பேருமே இன்டர்வியூவில் அருமையாகப் பேசினார்கள், மூன்று மாதத்தில் ஜி.எஸ்.டி. கணக்கைக் குழப்பிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் கேட்பது வழக்கமான கேள்விகள்தான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், இந்த மாதிரி. இந்த முறை விண்ணப்பித்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். கல்யாணம் எப்போது என்று கேட்கலாமா? கேட்டால் சட்டச் சிக்கல் வருமா? என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும்."

சார், பட்டியல் என்னால் கொடுக்க முடியும், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கேட்டீர்கள் என்றால் மறுபடியும் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள். ஏனென்றால் உங்களுக்குத் தேவையான கேள்விகள் உங்கள் கடையில்தான் இருக்கின்றன. அவற்றை எப்படி எடுப்பது என்று சொல்கிறேன்.

முதலில், போன இரண்டு பேரும் எங்கே சறுக்கினார்கள் என்று உட்கார்ந்து எழுதுங்கள். "குழப்பிவிட்டார்கள்" என்று பொதுவாக எழுதாமல், சம்பவம் சம்பவமாக எழுத வேண்டும். எந்த மாதம், எந்த பில், எத்தனை ரூபாய், எப்போது தெரிய வந்தது, யார் கண்டுபிடித்தார்கள். உங்கள் ஆடிட்டரையும் கேளுங்கள், அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அப்படியே இன்னொரு பக்கத்தில், இதற்கு முன் எப்போதாவது நல்ல அக்கவுண்டன்ட் ஒருவர் இருந்திருந்தால், அவர் எந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றினார் என்பதையும் எழுதுங்கள். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த வழி இல்லை. ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இந்த முறையை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒரு வேலை நன்றாக நடந்த சம்பவங்களையும் கெட்டுப்போன சம்பவங்களையும் சேகரித்துப் பார்த்தால், அந்த வேலைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று ஆள் வைத்துச் செய்கிறார்கள், உங்களுக்கு ஒரு மாலை நேரமும் ஒரு நோட்டும் போதும்.

நீங்கள் சொல்வதை வைத்து நான் ஊகிக்கிறேன், உங்கள் பிரச்சினை பெரும்பாலும் 2பி-யில்தான் இருந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நீங்கள் கொள்முதல் செய்த சரக்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க வேண்டும் என்றால், சரக்கு விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். காட்டினால்தான் மாதம் 14-ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில் வரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி என்ற பட்டியலில் அது வரும். உங்கள் டேலி கணக்கு மென்பொருளில் இருக்கும் கொள்முதலும் இந்த 2பி-யும் பொருந்த வேண்டும், பொருந்தியதை வைத்துத்தான் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைப் போட வேண்டும். இதைத் தெரியாதவர்கள், அல்லது தெரிந்தும் அலுத்துக்கொள்பவர்கள், டேலியில் இருப்பதை எல்லாம் அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் நோட்டீஸ் வரும், வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வியால் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? அந்தக் கேள்விக்கு எல்லோரும் தயாராக வருகிறார்கள், யூடியூபில் பதில் சொல்லிக் கொடுக்கவே நூறு வீடியோ இருக்கிறது. நன்றாகப் பேசுபவரும் நன்றாகக் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. "உங்கள் பலவீனம் என்ன", "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்", இதெல்லாமும் அப்படித்தான். புதிர் போடுவதும் வேண்டாம். கூகுளில் ஒரு காலத்தில் அந்த மாதிரிக் கேள்விகள் பிரபலமாக இருந்தன, அங்கே மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ போக் 2013-ல் அவை முழுக்க நேர விரயம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

அதனால் வாயால் கேட்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை கொடுங்கள். பதினைந்து பில் உள்ள ஒரு கொள்முதல் பட்டியல், பன்னிரண்டு பில் மட்டும் உள்ள ஒரு 2பி. பெயர்களை மாற்றிவிடுங்கள், உங்கள் சப்ளையர் விவரம் வெளியே போகக் கூடாது. ஒரு பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணில் ஒரு எழுத்தை மாற்றி வையுங்கள், இன்னொன்றில் பில் எண்ணைத் தப்பாக வையுங்கள், ஒன்று மாதக் கடைசித் தேதியில் இருக்கட்டும், ஒன்று சப்ளையர் தாக்கலே செய்யாத மாதிரி இருக்கட்டும். அரை மணி நேரம் கொடுத்து, "இதில் இந்த மாதம் எவ்வளவு வரி எடுக்கலாம், மீதியை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் பேனாவை எடுத்து டிக் அடிக்க ஆரம்பிப்பதிலேயே தெரியும். "இது எண் தப்பு, சப்ளையருக்கு போன் போட்டுத் திருத்தச் சொல்லணும். இது அடுத்த மாசம் வந்துடும், அதுவரை தள்ளி வைக்கலாம். இந்தப் பார்ட்டி ஃபைல் பண்ணவே இல்லீங்க, இவருக்குப் பேமெண்ட்டை நிறுத்தி வைக்கலாமான்னு உங்ககிட்ட கேட்பேன்." இப்படி ஒருவர் சொன்னால், அதற்கு மேல் அவருடைய பேச்சுத் திறமை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு விஷயம், உங்கள் கடையில் தேங்கிக் கிடக்கும் நிஜ வேலையைக் கொடுத்து இலவசமாகச் செய்து வாங்காதீர்கள். வேலை தேடி வருபவரை அப்படிப் பயன்படுத்துவது அநியாயம்.

அப்புறம் கேள்விகள். அனுபவம் உள்ளவரிடம், நடந்ததைக் கேளுங்கள். "பணம் விஷயத்தில் நேர்மையாக இருப்பீர்களா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்கள்? அதற்குப் பதில், "கடைசியாக எப்போது கல்லாவில் இருந்த ரொக்கமும் புத்தகமும் பொருந்தாமல் போனது?" என்று கேளுங்கள். ரொக்கம் கையாண்ட யாருக்கும் இது நடந்திருக்கும். அப்புறம் விடாமல் கேட்க வேண்டும். எவ்வளவு குறைந்தது? எப்போது பார்த்தீர்கள்? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? அன்றைக்கே சொன்னீர்களா, மறுநாளா? கடைசியில் என்ன ஆனது? உண்மையில் நடந்ததைச் சொல்பவர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விவரத்தோடு சொல்வார், தொகை ஞாபகம் இருக்கும், முதலாளி திட்டியதும் ஞாபகம் இருக்கும். கதை சொல்பவர் இரண்டாவது கேள்வியிலேயே பொதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவார், "எப்பவுமே டேலி ஆகிடும் சார், நான் ரொம்ப கேர்ஃபுல்" என்பார். "நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம்" என்று சொல்பவரிடம் "அதில் நீங்கள் மட்டும் செய்தது என்ன?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். முதல் கேள்வி நீங்கள் எழுதி வைத்ததாக இருக்கலாம், ஆனால் ஆளைக் காட்டிக் கொடுப்பது அதற்குப் பின்னால் வரும் இந்தக் கிளைக் கேள்விகள்தான். நம்மில் பலர் முதல் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம்.

பி.காம். முடித்து நேரே வருபவரிடம் இப்படிக் கேட்க முடியாது, அவரிடம் நடந்தது எதுவும் இருக்காது. அவருக்கு ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். "19-ஆம் தேதி சாயங்காலம். ஒரு பெரிய பில் 2பி-யில் இல்லை. நான் வெளியூரில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறேன், போனை எடுக்கவில்லை. ஆடிட்டர் ஆபீசில் 'நாளைக்குக் காலையில் ஃபைல் செய்துவிடலாம், எல்லாம் அனுப்புங்கள்' என்கிறார்கள். என்ன செய்வீர்கள்?" இது உங்கள் கடையில் நிஜமாக நடந்த ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் சரியான பதில் எது, சுமாரான பதில் எது, ஆபத்தான பதில் எது என்று உங்களுக்கே முன்கூட்டியே தெரியும். அதை எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி ஐந்தாறு கேள்விகள் போதும். ஆனால் வருகிற எல்லோரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. தெரிந்தவர் சொல்லி வந்தவருக்கு ஒரு மாதிரி, விளம்பரம் பார்த்து வந்தவருக்கு ஒரு மாதிரி என்று கேட்டால் யாரையும் யாரோடும் ஒப்பிட முடியாது. இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வது இல்லை. 2022-ல் பால் சாக்கெட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் மறுபடி எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதைச் சொல்வதில், கேள்விகளை முன்பே தீர்மானித்து எல்லோருக்கும் ஒரே மாதிரி மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42 வந்து அதுதான் முதலிடத்தில் நின்றது. சும்மா உட்கார்ந்து பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு 0.19 தான் வந்தது, பாதிகூட இல்லை. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை, அப்படிப் படிக்க வேண்டும். 0.42-ம் முழுசாக நம்பிவிடக்கூடிய எண் இல்லைதான். அதனால்தான் வேலை கொடுத்துப் பார்ப்பதையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்.

உங்களோடு உங்கள் அப்பாவோ மாமாவோ உட்காருவார்கள் என்று நினைக்கிறேன், நம் ஊர்க் கடைகளில் அதுதான் வழக்கம். நல்லதுதான். ஆனால் அந்த ஆள் வெளியே போனவுடன் "பையன் எப்படி?" என்று பேச ஆரம்பிக்காதீர்கள். ஆளுக்கு ஒரு தாள், ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்துக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதிவிட்டு அப்புறம் பேசுங்கள். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் மாற்றிப் பேச மாட்டார்கள், நமக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சரி, இப்போது எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார். இதைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே பேசப் போகிறேன். எந்த ஊர் என்று கேட்பதில் தப்பில்லை, தினமும் வந்துபோக முடியுமா என்று தெரிய வேண்டும். ஆனால் அது அங்கே நிற்பதில்லை. அந்த ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வக் கோயில் எங்கே, கொங்குப் பக்கம் என்றால் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், இப்படிப் போகும். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார், ஊர் உறவு விசாரிக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது சாதி கேட்பது என்று முதல் கேள்வியிலேயே தெரியும். பதில் சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம். அதற்குப் பிறகு 2பி பற்றி நீங்கள் என்ன கேட்டாலும் அவர் மனம் அதில் இருக்காது. அவர் திறமையைப் பார்க்கும் வாய்ப்பை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள்.

இது சின்னக் கடைகளில் மட்டும் நடப்பதும் இல்லை. 2007-ல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தகுதியை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொன்னவர்களே, குடும்பப் பின்னணியைக் கேட்பது முக்கியம் என்றும் சொன்னார்கள். அதே வருடம் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயர் இருந்த விண்ணப்பத்தைவிடத் தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் இருந்தவற்றுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. நேரில் பார்ப்பதற்கு முன்பே நடக்கிறது இது. அப்பா தறி ஓட்டுகிறாரா, தாசில்தாரா என்பதால் உங்கள் வங்கிக் கணக்கு ஒத்துப்போகப் போவதில்லை. அந்தக் கேள்வியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கல்யாணம். சட்டச் சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீர்கள். கேள்வியைக் கேட்டதற்காக மட்டும் உடனே யாரும் வந்து பிடித்துப் போக மாட்டார்கள். ஆனால் அந்தப் பதிலை வைத்து நீங்கள் செய்யப்போவதுதான் பிரச்சினை. ஒரே வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆண் பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் வருட சம ஊதியச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொன்னது, 2019-ஆம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் இந்தப் பிரிவைக் காட்டித்தான் தமிழ்நாடு தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. அதற்கு முன்னால், நீரா மாத்தூர் வழக்கு என்று ஒன்று உண்டு. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேரும் பெண்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அங்கே சேர்ந்து பிரசவ விடுப்பில் போன நீரா மாத்தூரை, படிவத்தில் தப்பான தகவல் கொடுத்தார் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது, அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்கச் சொன்னது. இப்போது நமக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது, அன்றைக்கு அது அச்சடித்த படிவத்தில் இருந்தது.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. கல்யாணமாகிப் போய்விட்டால்? பிரசவ விடுப்பு கொடுக்க வேண்டி வந்தால்? முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். உங்களிடம் இருபது பேருக்கு மேல் இருக்கிறார்கள், பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிடும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர் இ.எஸ்.ஐ.யில் வருவார், தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் 26 வாரப் பிரசவ காலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. கழகமே கொடுக்கும், உங்கள் கல்லாவிலிருந்து போகாது. அதற்காகத்தான் மாதாமாதம் 3.25 சதவீதம் கட்டுகிறீர்கள். சம்பளம் அதற்கு மேல் என்றால்தான் நீங்கள் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போய்விடுவார் என்ற பயத்துக்கு, போன இரண்டு பேரையே நினைத்துப் பாருங்கள், அவர்கள் போனதற்குக் கல்யாணம் காரணம் என்று நீங்கள் எழுதவில்லை.

உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. மாதத்தில் சில நாள் எட்டு மணி வரை இருக்க முடியுமா, மார்ச் மாதம் ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா. அதையே நேராகக் கேளுங்கள். "11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய இரண்டு நாள் இரவு எட்டு மணி ஆகும், மார்ச்சில் இரண்டு ஞாயிறு வர வேண்டியிருக்கும், அதற்குத் தனியாகப் பணம் உண்டு, உங்களால் முடியுமா?" ஆண்களிடமும் இதே வார்த்தையில் கேட்க வேண்டும். வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கும் எட்டு மணி என்பது கஷ்டமாக இருக்கலாம், உங்களுக்கு அதுவும் தெரிய வேண்டும் இல்லையா? மாற்றுத்திறனாளி ஒருவர் வந்தாலும் இப்படித்தான். என்ன ஆச்சு, எப்போது ஆச்சு என்று துருவாமல், வேலை இது, இதைச் செய்ய உங்களுக்கு ஏதாவது வசதி செய்து தர வேண்டுமா என்று கேட்டால் போதும். கடை மாடியில் இருந்தால் மேசையைக் கீழே போட்டுவிடலாம், அவ்வளவுதான் விஷயம்.

சம்பளம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய சம்பளச் சீட்டைக் கேட்டு அதில் கொஞ்சம் கூட்டிப் போடுவது இங்கே வழக்கம். அதை நான் ஆதரிக்க மாட்டேன். முந்தைய இடத்தில் குறைத்துக் கொடுத்திருந்தால் அந்தக் குறை உங்களிடமும் தொடரும், கொஞ்ச நாளில் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போவார். இந்த வேலைக்கு இதிலிருந்து இதுவரை என்று நீங்கள் முதலில் சொல்லிவிடுங்கள்.

முந்தைய முதலாளியிடம் விசாரிப்பதாக இருந்தால் வந்தவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இப்போது வேலை செய்யும் இடத்துக்குச் சொல்லாமல் போன் போட்டால் அவருடைய வேலை போய்விடும். அங்கேயும் "ஆள் எப்படி?" என்று கேட்காதீர்கள், "3பி யார் தயாரித்தது, இவரா, ஆடிட்டர் ஆபீசா?" என்று கேளுங்கள். "மறுபடி வந்தால் எடுத்துக்கொள்வீர்களா?" என்றும் கேட்கலாம், அதற்கு அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்று கவனியுங்கள்.

கடைசியாகப் பத்து நிமிடம் அவர்களுக்கு விடுங்கள், அவர்கள் உங்களைக் கேட்கட்டும். நல்ல அக்கவுண்டன்ட் நிச்சயம் கேட்பார், இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார், கணக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பாக்கி ரிட்டர்ன் இருக்கிறதா என்று. மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குழப்பத்தைச் சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்று தெரிந்தே வருபவர்தான் உங்களுக்குத் தேவை. அந்த 2பி பயிற்சித் தாளைத் தயார் செய்வதில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஆடிட்டரிடமே சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து, பி.எஃப். பற்றி, அதற்குப் போகலாம்.